சாவியில்லாமல் ஓடிய வீடு

அத்தியாயம் 6

சாவி புனிதாவின் கையில் இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சாவியைப் பார்த்தாள். பிறகு சாவித் துவாரத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த டீசல் மோட்டர்ஹோம் அடங்குவதாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத கால் ஒன்று ஆக்ஸிலரேட்டரை மெல்ல மெல்ல மிதிப்பதுபோல் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பின்னால் இருந்த குட்டி அடுப்படியில் தட்டுகள் கடகடத்தன. கட்டிலுக்கு மேலே அலமாரிக் கதவு தானாகத் திறந்து, செத்துப்போனவரின் சட்டை ஒன்று நழுவி விழுந்தது.

"பாஸ்! நான் ஒண்ணுமே பண்ணல! சாவி என்கிட்டதான் இருக்கு!"

"பிரேக்கை அழுத்திப் பிடி!" வெளியே புகைக்குள்ளிருந்து கமலநாதனின் குரல் வந்தது. "கிளட்ச்சை மிதி! அஞ்சாவது கியர் போடு! இப்ப கிளட்ச்சைச் சட்டுனு விடு! பிரேக்கை மட்டும் விட்டுடாத!"

புனிதா கண்ணை மூடிக்கொண்டு கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. பிறகு நின்றது.

கிள்ளான் நகரத்தின் அந்தத் தெருவில் இருந்த நாய்கள்கூட வாய் மூடிக்கொண்டன. வெள்ளைப் புகை கார் போர்ச்சின் கூரையைத் தடவிக்கொண்டு நகர்ந்தது. அது விலகியபோது, வீட்டு வாசற்படியில் வசுந்தரா டீச்சர் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவர் பார்வை புனிதாவின் மேல் இல்லை, வண்டியின் மேல் இருந்தது.

"போதுங்க," என்றார் வண்டியிடம், தாழ்ந்த குரலில். "கோவப்பட்டது போதும்."

புனிதா சாவியை இருக்கையில் போட்டாள். இறங்கி வந்து கமலநாதனின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"பாஸ், துப்பறியும் ஆபீஸ்னு சொல்லித்தான என்னை வேலைக்கு எடுத்தீங்க? பேய் ஓட்டற ஆபீஸ்னா அலவன்ஸ் தனி லா."

"நீதான் கியர் போட்டுப் பேயை நிறுத்தின. அலவன்ஸையும் நீயே குடுத்துக்க," என்றார் கமலநாதன், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

கமலநாதன் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். பொய் சொல்லும் மனிதர்களையும் பொய் சொல்லும் வண்டிகளையும் பார்த்துப் பார்த்து அலுத்து, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேலே ஒரு சின்ன ஆபீஸ் போட்டார். போன் எடுப்பதற்காக புனிதாவைச் சேர்த்தார். போன் அதிகம் வருவதில்லை. ஆகவே அவள் தன் பதில்களையெல்லாம் அவருக்கே சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

என்ஜின் ஆறட்டும் என்று கமலநாதன் சொன்னார். டீச்சர் தேநீர் கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர் கையால் அடி கிடைத்திருக்கும். இப்போது அதே கை, கோப்பையை ஓசையில்லாமல் தட்டில் வைத்தது.

"முதல் தடவை அவர் உள்ள இருந்தார்," என்றார். அவர் என்றால் ஜெயந்திரன், அரசாங்கத்தில் வடிகால் பகுதி என்ஜினியராக இருந்த கணவர். ஓய்வு பெற்றதும் ஊர் சுற்றவேண்டும் என்று இந்தப் பழைய மோட்டர்ஹோமை ஆசை ஆசையாக வாங்கியவர். "ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நிறுத்தினார். சாவியை எடுத்துட்டார். அது கத்திக்கிட்டே இருந்துச்சு. தெருவே கூடிடுச்சு. அப்பறம் அதுவா நின்னுச்சு. நான் ஏறிப் பாக்கறேன், மனுஷனுக்கு மூச்சு இல்ல. நெஞ்சு நின்னு போச்சுன்னார் டாக்டர். சாவி அவர் கைக்குள்ளதான் இருந்துச்சு. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன்."

டீச்சர் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

"ரெண்டாவது தடவை, முப்பத்தொண்ணாம் நாள் காரியம், அந்தியேட்டி அன்னைக்கு. ஆளுங்க உக்கார இடம் வேணும்னு என் தங்கச்சி மகன் நிர்மலன் வண்டியை நகர்த்தப் போனான். திரும்பவும் அதே கூச்சல். அவன் குதிச்சு ஓடியே போயிட்டான். அது கத்தித் தீர்த்துட்டு நின்னுச்சு. நிர்மலன் அதுக்கப்பறம் சுபாங் ஜெயாவை விட்டு இந்தப் பக்கம் தலைகூடக் காட்டல. இன்னைக்கு நீங்க ஸ்டார்ட் பண்ணிப் பாத்தது மூணாவது தடவை."

"நீங்க யாரைச் சந்தேகப்படறீங்க, டீச்சர்?"

"திருச்செல்வத்தை. கடைசியா இந்த என்ஜின்ல கை வெச்ச மெக்கானிக் அவன்தான். கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவர் சாவுக்கு அவன்தான் காரணம்னு. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள போலீஸ் ரிப்போர்ட்டும் குடுக்கப்போறேன்." குரல் இறங்கியது. "அவன் இல்லைன்னா, அவர் என்மேல கோவமா இருக்கார்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு தெரியாம என்னால தூங்க முடியல, தம்பி. எதுன்னு சொல்லிடுங்க. அது போதும்."

கமலநாதன் எழுந்து போய் வண்டியின் முன்மூடியைத் தூக்கினார். புனிதா பின்னால் போனாள். பேயைத் தேடி அல்ல, தனியாக உட்காரப் பயந்து.

போர்ச் சுவரோரம் வரிசையாக மஞ்சள் நிற ஆயில் கேன்கள். தலையை வெட்டி, மண் போட்டு, கற்பூரவல்லி நட்டிருந்தார் டீச்சர். சிலவற்றில் செடி புதராக மண்டியிருந்தது. சிலவற்றில் நேற்று நட்டதுபோல் இரண்டே இலை.

"பாஸ், சாவி இல்லாம வண்டி எப்படி ஓடும்?"

"பெட்ரோல் வண்டி ஓடாது. டீசல் ஓடும். அதுக்குப் பொறி வேணாம், உள்ள போனது எதுவா இருந்தாலும் அழுத்தத்துலயே எரிச்சுடும். சாவியை எடுத்தா டீசல் நின்னுடும், வாஸ்தவம். ஆனா என்ஜின் ஆயில் அளவுக்கு மீறி இருந்தா, அது உள்ளயே நுரைச்சுப் பொங்கி, மூச்சுக் குழாய் வழியா காத்தோட கலந்து எரியற இடத்துக்குப் போயிடும். அப்பறம் என்ஜினுக்கு டீசலும் வேணாம், சாவியும் வேணாம். தன் ரத்தத்தையே குடிச்சுக்கிட்டு ஓடும். அதிகமா இருந்தது தீர்ந்ததும் நிக்கும்."

"இதைக் கேட்டதுக்குப் பேயே தேவல."

"ஆயில் குச்சியை இழுத்துப் பாரு. அளவுக்கு மேல இருக்கும்."

புனிதா குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு இழுத்தாள். அதில் இரண்டு கோடுகள். குறைந்த அளவுக்கு ஒன்று, நிறைந்த அளவுக்கு ஒன்று. ஆயில் சமர்த்தாக இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தது.

"கச்சிதமா இருக்கு பாஸ். பேயேதான்."

கமலநாதன் குச்சியைப் பிடுங்கித் தானும் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது. கோலாலம்பூரிலிருந்து வரும் வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த கோட்டை அந்தக் குச்சியின் நுனியில் இடிந்துவிட்டது. வண்டிக்குள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் பூவும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். உலுக்கலில் பழம் கீழே விழுந்து, இருக்கையின் காலில் முட்டிக்கொண்டு கிடந்தது. புனிதா காலை எடுத்து வைக்கும்போது அது விடுபட்டது. உருள ஆரம்பித்தது. அடுப்படியைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, யாரோ கூப்பிட்டு அனுப்பியதுபோல் நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியில் மறைந்தது.

புனிதா ஒரே பாய்ச்சலில் வெளியே இருந்தாள். "நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தே போயிடறேன்!"

உள்ளே கமலநாதன் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கட்டிலுக்கடியில் குனிந்து பழத்தை எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"வா, திருச்செல்வத்தைப் பாத்துட்டு வருவோம்."

"பழம் என்ன சொல்லுச்சு?"

"அது சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டிருக்கு. மீதியை அவர் சொல்லணும்."

திருச்செல்வத்தின் வொர்க்‌ஷாப் காப்பார் போகும் சாலையில் இருந்தது. வழக்கமாக வண்டி நிறுத்த இடம் கிடைக்காத வேலைநாளில், அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது, அதுவும் திருச்செல்வத்தினுடையது. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் அனுப்பினாங்களா?" என்றார், எழுந்திருக்காமலே. "ஜெயந்திரன் அங்கிளை நான்தான் கொன்னேன்னு கோயில் முழுக்கப் பேச்சு. என் மகளைப் பஜனைக்கு அனுப்பவே வெக்கமா இருக்கு. நீங்களும் கேட்டுட்டுப் போங்க."

"நாங்க ஆயிலைப் பத்திக் கேக்க வந்தோம்ணே," என்றாள் புனிதா. "கொலையைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்."

திருச்செல்வத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பதில் வந்தது. "தைப்பொங்கலுக்கு முன்ன அவங்க வீட்டுக்கே போய் ஆயில் மாத்துனேன். அளவா ஊத்துனேன். அதுக்கப்பறம் நான் அந்த வண்டியைத் தொடல."

"அந்த என்ஜின் ஆயில் குடிக்குமா?"

"சொட்டுக்கூடக் குடிக்காது, பாஸ். நல்ல என்ஜின். அங்கிள் அப்பறமா அடிக்கடி வந்து ஒரு கேன் வாங்கிட்டுப் போவாரு. எதுக்கு அங்கிள்னு கேட்டா, குறையுதுப்பாம்பாரு. கொண்டு வாங்க, பாக்கறேன்னு சொன்னேன். வரேன் வரேன்னாரு, வரல."

"நீங்க ஆயில் மாத்தினப்ப வண்டி எப்படி நின்னுச்சு?"

"எப்படின்னா? ரிவர்ஸ்ல ஏத்தி, மூஞ்சி கேட்டைப் பாத்து. அங்கிள் எப்பவும் அப்படித்தான் நிறுத்துவாரு."

கமலநாதனும் புனிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அந்த வண்டியின் மூஞ்சி வீட்டைப் பார்த்து நின்றது.

"உங்க ஜாக்கி ரெண்டு, கொஞ்சம் பலகை, கடனாக் குடுங்க," என்றார் கமலநாதன்.

திரும்பும் வழியில் புனிதா விரல் விட்டு எண்ணி யோசித்தாள். "பாஸ், ஒரு கேள்வி. முதல் தடவை ஓடினப்பவே அதிகமா இருந்த ஆயில் எரிஞ்சு தீர்ந்துச்சு. ரெண்டாவது தடவையும் அதே கதை. அப்ப இன்னைக்கு ஓடறதுக்கு ஆயில் எங்கேருந்து வந்துச்சு? செத்தவரு வந்து ஊத்த முடியாதே."

"இப்பத்தான் சம்பளம் வாங்கற மாதிரி பேசற."

"அப்ப அந்தப் பேய்க்கு உசிரோட இருக்கற யாரோ தீனி போடறாங்க."

கமலநாதன் சாலையைப் பார்த்தார். அவர் முகத்தில் காலையில் இருந்த உற்சாகம் குறைந்திருப்பதை அவள் கவனித்தாள். பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டீச்சர் குளித்துக்கொண்டிருந்தார். கமலநாதன் காத்திருக்கவில்லை. போன வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய பிறகு, ஜெயந்திரன் தானே நின்று போர்ச்சை உயர்த்தி, வீட்டிலிருந்து கேட்டை நோக்கி நல்ல சரிவாகப் போடச் செய்திருந்தார். வடிகால் என்ஜினியர் போட்ட சரிவு, ஒரு துளி தங்காது. அந்தச் சரிவில் வண்டி இப்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இருவரும் பின்பக்கத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கி, பலகை அடுக்கினார்கள். கமலநாதன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து வண்டித் தரையில் வைத்தார். உருண்டது. இன்னும் கொஞ்சம் தூக்கினார்கள். மறுபடி வைத்தார். பழம் வைத்த இடத்திலேயே நின்றது.

"இந்த என்ஜின்ல குச்சி முன்பக்கம் இருக்கு," என்றார். "மூக்கு மேல இருந்தா ஆயில் பின்பக்கம் ஒதுங்கிடும். குச்சிக்கு எட்டாது. சமமா நிக்கறப்ப பாத்தாத்தான் உண்மை. இப்ப இழு."

ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, குச்சியில் வெகுதூரம் ஏறியிருந்தது.

"ஐயோ, பாஸ்! காலையில கச்சிதமா இருந்துச்சே!" புனிதா துள்ளினாள். "அப்ப சரிவுல குறைவாக் காட்டும், தேவைக்கு மேல ஊத்த வெக்கும்! யாரு பாஸ் ஊத்தினது? நிர்மலனா? அவன் இந்தப் பக்கமே வர்றதில்ல. திருச்செல்வம் தொடவே இல்ல. கேட்டைத் தாண்டி இந்த வீட்டுக்குள்ள வர்ற ஆளு வேற யாரு..."

கதவு திறந்தது.

டீச்சர் ஈரத் தலையில் துண்டு சுற்றி, நெற்றியில் விபூதியோடு வந்தார். வெயில் இறங்கியிருந்தது. பின்னால் சாமியறையில் விளக்கு எரிந்தது. அவருடைய ஒரு கையில் கற்பூரத் தட்டு. மற்றக் கையில் புதிய மஞ்சள் ஆயில் கேன்.

"வெள்ளிக்கிழமை," என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. "விளக்கு வெச்சாச்சு. அவர் வேலை ஒண்ணு பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன். இந்த வண்டிக்கு ஆயில் நிக்கவே நிக்காது."

புனிதாவின் வாய் திறந்தபடியே நின்றது. அவள் கண் தானாகச் சுவரோரம் போனது. புதராக மண்டிய செடிகள் ஜெயந்திரன் காலத்துக் கேன்களில் இருந்தன. இரண்டே இலை விட்ட செடிகள் யாருடைய கேன்களில் இருக்கின்றன என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

கமலநாதன் மெதுவாகப் போய்க் கேனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இதை நீங்கதான் பாத்துக்கறீங்களா, டீச்சர்?"

"அவருக்குக் கண்ணுல புரை, சின்னக் கோடு தெரியாது. ஆபரேஷன்னா பயம். வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சதும் குச்சியை இழுத்துத் துடைச்சு, மறுபடி விட்டெடுத்து என்கிட்டக் காட்டுவார். நான் கோடு பாத்துச் சொல்லுவேன். குறைவுன்னா ஊத்துவார். வண்டி விஷயத்துல என் கண்ணைத்தான் நம்புவார்." டீச்சர் புன்னகைத்தார். "இப்ப பாக்கறதும் நான், ஊத்தறதும் நான். ஒரு வாரம்கூட விட்டதில்ல."

"வண்டியை எப்பத் திருப்பி நிறுத்தினீங்க?"

"அவருக்கு முதல்ல நெஞ்சுவலி வந்தப்ப. வண்டி கிழக்கு பாத்து நிக்கணும், அப்பத்தான் அவருக்கு நல்லதுன்னு குருக்கள் சொன்னார். அவருக்கு இதுல நம்பிக்கை இல்ல. நான் அழுது அடம் பிடிச்சுத் திருப்ப வெச்சேன். ஏன் தம்பி? யாருன்னு தெரிஞ்சுதா?"

எத்தனையோ பொய் வழக்குகளை ஒரே வாக்கியத்தில் உடைத்தவர் கமலநாதன். இன்றைக்கு வாக்கியம் கிடைக்காமல் திணறினார். சொல்லாமல் போய்விடலாம். போனால் திருச்செல்வத்தின் மேல் ரிப்போர்ட் விழும்.

"தரை, டீச்சர்," என்றார் கடைசியில். "தரை சரிவா இருக்கு. மூக்கு மேல நிக்கறதால குச்சி குறைச்சுக் காட்டியிருக்கு. ஆயில் மேல ஆயில் சேந்து, அளவு மீறிடுச்சு. அதுதான் சாவியை எடுத்த பிறகும் எரிஞ்சிருக்கு. யாரும் கெடுதல் நினைச்சுச் செஞ்சதில்ல."

நல்ல மனதோடு அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர் கணக்கு டீச்சர். ஜாக்கியின் மேல் நின்ற வண்டியைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். புனிதாவின் கையிலிருந்த குச்சியை வாங்கி, ஆயில் ஏறியிருந்த உயரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நான் குறைவுன்னு சொன்னப்பல்லாம் குறைவா இல்ல."

குச்சியைப் புனிதாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அவர் நல்லா இருக்கணும்னுதான் திருப்பச் சொன்னேன்."

"ஆன்டி, நீங்க வேணும்னு செய்யலயே..." என்றாள் புனிதா.

"வேணும்னுதான் செஞ்சேன், கண்ணு. ஆசையாச் செஞ்சேன்." டீச்சர் படியில் உட்கார்ந்தார். கற்பூரத் தட்டு மடியில் சாய்ந்தது. அதை நிமிர்த்திவிட்டுக் கேட்டார். "அப்ப அவர் கோவமா இல்ல?"

"இல்ல, டீச்சர்."

"அவர் போனப்பறம் ரெண்டு தடவையும் சத்தம் போட்டது அவர் இல்ல. அவர் வரவே இல்ல."

கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டார். காலையிலிருந்து எதை நினைத்துப் பயந்தாளோ, அது இந்த வீட்டில் இருந்திருக்கக் கூடாதா என்று புனிதாவுக்கு ஏக்கமாக இருந்தது. கோபத்தோடாவது ஒருவர் இருந்திருப்பார்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "திருச்செல்வம் நம்பரைப் போட்டுக் குடும்மா."

புனிதாவே போனைப் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு?" என்றது திருச்செல்வத்தின் குரல்.

"நான் வசுந்தரா டீச்சர் பேசறேன். அந்த ஆயிலை ஊத்தினது நான்தான். நீ ஒண்ணும் பண்ணல. கோயில்ல யார் யார்கிட்டச் சொன்னேனோ, அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே போய்ச் சொல்லிடறேன். மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு யோக்கியதை இருக்கான்னு தெரியல. அந்த ஆயிலை எறக்கணும், வருவியா?"

அந்தப் பக்கம் ஒரு லோரி கடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டாரோ என்று புனிதா திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"வரேன் டீச்சர்," என்றார் திருச்செல்வம். கரகரப்பான குரல் இன்னும் கொஞ்சம் கரகரத்தது. "நான் வர்ற வரைக்கும் தனியா இருக்காதீங்க."

டீச்சர் வண்டியைப் பார்த்தார்.

"இன்னைக்கு வரைக்கும் தனியா இல்லப்பா," என்றார்.